கள்ளும் இல்லமும்

ஆவணியில் அத்த நாள் பிறந்துவிட்டால் திருவனந்தபுரம் முகம் மாறிவிடுகிறது. கவடியார் தொடங்கிக் கிழக்கேக்கோட்டை வரை வீதியின் இருமருங்கும் மின்விளக்குகள் ஒளிர்கின்றன. சாலைக் கடைத்தெருவில் நேந்திரங்குலைகளும், தோவாளையிலிருந்து வந்திறங்கும் பூக்கூடைகளும் நடக்க வழியின்றிக் குவிகின்றன. பள்ளிகளும் அலுவலகங்களும் அடைபடுகின்றன. தீபாவளியும் பொங்கலும் ஓரிரு நாளில் முடிந்துபோகும் இவ்வூரில், தமிழ்க் குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ்ப் பல நாட்கள் சேர்ந்திருக்க வாய்ப்பது இவ்வோண விடுமுறையில்தான். அவ்விடுமுறையின் மாலைப் பொழுதை நம்மவர் பலர் எவ்வாறு கழிக்கின்றனர் என்பது குறித்து இம்மலரில் சில சொல்ல விழைகின்றோம். இனிய பொருள் அன்று. மலருக்கு ஏற்ற பொருளும் அன்று எனச் சிலர் கூறக்கூடும். ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை நம் இல்லங்கள் அனைத்திலும் நுழையும் ஏடு இஃதொன்றே ஆதலின், இதனை ஈண்டுச் சொல்லாது வேறெங்குச் சொல்வது?

சென்ற ஓணத்திற்கு ஒரு கிழமை முன்பு, இலக்கியக் கூட்டம் ஒன்று முடிந்தபின், கரமனையில் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். புறநானூற்றைப் பற்றி ஒன்றரை மணி நேரம் நன்றாகப் பேசப்பட்ட கூட்டம் அது. பேச்சின் சூடு ஆறுமுன்பே ஒருவர் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். உத்திராடத்து மாலை எத்தனை பேர் இவ்வீட்டில் கூடுவது, தலைக்கு எவ்வளவு 'ஷேர்', எந்த வகை, எத்தனை புட்டி, சோடா எவ்வளவு, ஐஸ் கட்டிக்கு யாரிடம் சொல்வது, 'டச்சிங்ஸ்' என்னென்ன என்று வரிசையாக எழுதலாயினர். நாட்டின் ஐந்தாண்டுத் திட்டங்கள்கூட இத்துணை நுணுக்கமாகத் தீட்டப்பட்டனவா என்பது ஐயமே. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், நெத்திலி வறுவலும், கோழிப் பொரியலும் தாளில் ஏறியபோது யாம் கேட்டோம்: "இவற்றையெல்லாம் யார் சமைப்பது?" தாளை வைத்திருந்தவர் நிமிர்ந்து எம்மைப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய? வீட்ல மதினி இருக்காகள்லா!" என்றார். அனைவரும் சிரித்தனர். யாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. வீடு திரும்பும் வழியில்தான் அச்சிரிப்பு எமக்குக் கசந்தது.

அத்தாளில் எலுமிச்சம்பழத்துக்கு இடம் இருந்தது. காகிதத் தட்டுக்கு இடம் இருந்தது. குடித்தபின் வண்டியோட்டக் கூடாதென்று, இரவு யார் யாரை எந்த ஆட்டோவில் ஏற்றி அனுப்புவது என்பதற்கும் இடம் இருந்தது. அவ்வீட்டு அம்மையாரின் பெயருக்கும் பிள்ளைகள் இருவரின் பெயருக்கும் அதில் இடம் இல்லை. எவர் உழைப்பின்றி அம்மாலை நடவாதோ, எவர் உறக்கத்தை விலையாகக் கொடுத்து அம்மாலை நடக்கிறதோ, அவர்களை யாரும் கலந்துகொள்ளவில்லை. வீட்டில் கூடிக் குடிக்கும் விருந்தின் முதற் குற்றமாக யாம் காண்பது இதனையே. மதுவின் தீமை இதற்கு அடுத்தபடியாகத்தான் எமக்குத் தோன்றுகிறது.

திட்டம் தீட்டுவதற்கு ஏன் இத்துணை முனைப்பு எனில், அதற்குக் காரணம் உண்டு. கேரளத்தில் மது விற்பனை 1984ஆம் ஆண்டு தோன்றிய அரசு மதுபானக் கழகத்தின் கையில் உள்ளது. 'பெவ்கோ' என்று ஊரார் அழைக்கும் அக்கழகத்தின் தலைமையகம் இந்நகரிலேயே இருக்கிறது. ஆங்கில மாதத்தின் முதல் நாள் அதன் கடைகள் திறப்பதில்லை; அண்மை ஆண்டுகளில் திருவோணத்தன்றும் திறப்பதில்லை. ஆகவே நம் நண்பர்கள் உத்திராடத்தன்றே வரிசையில் நின்று கொள்முதலை முடித்துக்கொள்கின்றனர். ஒருவர் கையில் 3 லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம் என்னும் விதியை, எமக்குத் தெரிந்த சிலர் வாய்ப்பாட்டைவிட நன்றாக மனப்பாடம் செய்திருக்கின்றனர். 2023ஆம் ஆண்டு உத்திராடத்தன்று ஒருநாளில் மட்டும் 100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மது விற்றது. அவ்வோணத்துப் பத்து நாட்களில் 750 கோடியைத் தாண்டியது. இக்கணக்கைச் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டியின் முடிவைப்போல வெளியிடுகின்றன. நாமும் காலைக் காப்பியுடன் அதைப் படித்துச் சென்ற ஆண்டைக் காட்டிலும் எவ்வளவு கூடுதல் என்று பேசிக்கொள்கிறோம். அரசு ஒரு கையால் விற்று மறுகையால் விழிப்புணர்வுப் பலகை நாட்டுவதைப் பற்றி எழுதப் புகுந்தால் இம்மலர் போதாது. அது வேறு வழக்கு, விட்டுவிடுகிறோம்.

ஆனால் அவ்வரசின் சட்டத்தில் ஒன்று எம்மைச் சிந்திக்க வைத்தது. கேரளத்தில் 23 வயது நிறையாத எவருக்கும் மது விற்கலாகாது. 2017ஆம் ஆண்டு வரை 21 ஆக இருந்த வரம்பு அவ்வாண்டு உயர்த்தப்பட்டது. வருவாய்க்காக மது விற்கும் அரசேகூட 22 வயது இளைஞனைக் கடை வாயிலில் தடுத்து நிறுத்தக் கடமைப்பட்டுள்ளது. நம் வீட்டில் அத்தடை எங்கே இருக்கிறது? ஏழாம் வகுப்பில் படிக்கும் மகனை அழைத்து, "ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து வாடா" என்கிறோம். அவன் கொண்டுவந்து வைக்கிறான். கண்ணாடிக் குவளைகளை எண்ணி வைக்கிறான். எந்த மாமா எவ்வளவு தண்ணீர் கலப்பார் என்பதை இரண்டாம் ஆண்டிலேயே அறிந்துகொள்கிறான். "பையன் கெட்டிக்காரன்" என்று ஒருவர் தோளில் தட்டுகிறார். அப்பிள்ளை பத்தாண்டு கழித்து அதே குவளையைத் தனக்கென எடுக்கும்போது மட்டும் தந்தைக்குக் கண் சிவக்கிறது!

அடுக்களைப் பக்கம் சற்றுச் செல்வோம். உத்திராடத்தன்று அவ்வீட்டு அம்மையார் விடியலில் எழுந்திருக்கிறார். மறுநாள் திருவோணம், அதற்கான காய் நறுக்கலும் தேங்காய்த் துருவலும் ஒருபுறம் இருக்க, மாலைக் கூட்டத்துக்கான பொரியலும் வறுவலும் மறுபுறம் ஏறுகின்றன. ஆறு மணிக்கு வந்தவர்கள் எட்டு மணிக்கு "இன்னும் கொஞ்சம் நெத்திலி" என்கிறார்கள். ஒன்பதரைக்குப் பேச்சின் ஒலி உயர்கிறது. அம்மையார் எழுந்து சென்று தெருப்பக்கத்துச் சன்னலைச் சாத்துகிறார். அடுத்த வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற கவலை அவருக்கு மட்டுமே உரியது. வயது வந்த மகளிடம் உள்ளறையை விட்டு வெளியே வராதே என்று கண்ணாலேயே சொல்கிறார். உள்ளறையில் மாமியார் உறங்குவதுபோல் கண்ணை மூடிக் கிடக்கிறார். அவர் உறங்கவில்லை என்பது மருமகளுக்குத் தெரியும். பதினொரு மணிக்கு ஒருவர் முற்றத்தில் வாந்தி எடுக்கிறார். அதைக் கழுவி விடுபவர் யார் என்று யாம் எழுத வேண்டுவதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி கேரளத்தில் ஆண்களில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் குடிக்கிறார். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எனவே இவ்விருந்தில் இன்பம் யாருடையது, பணி யாருடையது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

"பாரில் போய்க் குடித்து வழியில் விழுவதைவிட வீட்டில் கண்ணியமாகக் குடிப்பது மேலல்லவா?" என்பது எம்மிடம் அடிக்கடி சொல்லப்படும் விடை. இதில் ஒருபாதி உண்மை உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவனைவிட வீட்டுத் திண்ணையில் சாய்பவன் ஊருக்குத் தீங்கு குறைவாகவே செய்கிறான். 1982ஆம் ஆண்டு ஓணத்தின்போது வைப்பினில் சாராயக்கடைகளில் நஞ்சு கலந்த சாராயம் குடித்து எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டதையும், பலர் கண்ணிழந்ததையும் நினைவுள்ளோர், அரசு முத்திரையிட்ட புட்டி அதனினும் நன்று என்பர். அதையும் ஒப்புகின்றோம். எனினும் கடைக்குச் செல்பவன், தன் இழிவைத் தன்னோடு கடைக்கு எடுத்துச் செல்கிறான். அவன் திரும்பும் வரையிலேனும் வீடு வீடாக இருக்கிறது. வீட்டுக்குள் கடையைக் கொண்டு வருபவன், தன் மனைவியைப் பரிமாறுபவளாகவும், மகனைக் கடைப்பையனாகவும், தாயை மூலையில் ஒளிந்தவளாகவும் ஆக்கிவிடுகிறான். 'கண்ணியம்' என்று நம் நண்பர் சொல்வது, அயலார் காணவில்லை என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. வீட்டார் காண்கிறார்களே! அவர்கள் கண்ணுக்குக் கணக்கு இல்லையா?

இனிப் புலமை மிக்க நண்பர்களின் வாதத்துக்கு வருவோம். இவர்கள் எளிதில் விடமாட்டார்கள். ஒரு கையில் குவளையும் மறு கையில் புறநானூறும் கொண்டு, சங்கச் சான்றோர் குடிக்கவில்லையா, கபிலரும் ஔவையும் கள்ளைப் பாடவில்லையா என்று வினவுவர். பாடினர், மறுப்பார் யார்? யவனர் கொணர்ந்த தேறலும் பாட்டில் வருகிறது. 2007ஆம் ஆண்டு தொடங்கிய பட்டணம் அகழாய்வில், இதே சேரநாட்டுக் கரையில், மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஆக, அயல்நாட்டு மது நமக்குப் புதிதன்று. ஆனால் நண்பர்கள் மேற்கோள் காட்டும் அவ்வௌவையின் பாட்டை முழுதும் படித்துப் பார்க்கட்டும். அதியமான் இறந்தபின் பாடிய கையறுநிலை அது. கள் சிறிதளவே கிடைத்தால் அதனை அவன் பாடுநர்க்கு ஈந்துவிடுவான் என்கிறார் ஔவையார். பெரிதளவு கிடைத்தால்தான் அவர் பாட, அவனும் உடன் மகிழ்ந்து உண்பான். சிறிது எனில் எமக்கு, பெரிது எனில் நமக்கு என்னும் அவ்வொழுங்கைப் பாருங்கள். பாட்டின் பொருள் கொடையே. கள் அதற்கு ஒரு சான்று மட்டுமே. 'தலைக்கு இவ்வளவு' என்று பங்கு பிரித்து, மூன்றாம் புட்டியில் யாருக்குக் கூடுதல் ஊற்றப்பட்டது என்று மனத்துக்குள் அளந்துகொண்டிருக்கும் நம் உத்திராடத்துக் கூட்டத்துக்கும் அதியமான் இருக்கைக்கும் என்ன உறவு? அரசன் அவையில் கூத்தரும் பாணரும் கூடிய இடம் அது. அதியமான், அடுத்த நாள் பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளைகளின் படிப்பு மேசையை இழுத்துப்போட்டு அதன்மேல் சோடாப் புட்டி வைத்தான் என்று எப்புலவரும் பாடவில்லை.

கம்பனையும் இவர்கள் விடுவதில்லை. பாலகாண்டத்தில் உண்டாட்டுப் படலம் இருக்கிறதே என்பர். இருக்கிறது, மிதிலைக்குச் செல்லும் வழியில் தசரதனின் படையினரும் மகளிரும் பாசறையில் களித்ததைக் கம்பன் சுவைபடவே பாடினான். அவன் துறவி அல்லன். அதே கம்பன் கிட்கிந்தைப் படலத்தில் என்ன செய்தான் என்பதையும் நண்பர்கள் காணவேண்டும். மழைக்காலம் கழிந்ததும் படையுடன் வருவதாக இராமனுக்குச் சொல் கொடுத்த சுக்கிரீவன், நாள் கடந்தும் வராமல் மதுவுண்டு மயங்கிக் கிடக்கிறான். சினத்துடன் இலக்குவன் வாயிலில் வந்து நிற்கிறான். மைந்தன் அங்கதன் ஓடிச் சென்று எழுப்புகிறான், எழவில்லை. அந்நேரத்தில் அவ்வரண்மனையிலிருந்து வெளியே வந்து, கனன்று நிற்கும் அயலான் முன் நின்றது யார்? கணவனை இழந்து கைம்மைக் கோலம் பூண்ட தாரை. மங்கலநாண் இழந்த அவளைக் கண்டதும் இலக்குவனுக்குத் தன் அன்னையரின் நினைவு வர, அவன் சினம் தணிகிறது. ஆண்மகன் உள்ளே கிடக்க, அவன் பிழைக்குத் தலைகுனிந்து வாயிலில் நிற்பவள் அவ்வீட்டுப் பெண். பின்னர்த் தெளிந்த சுக்கிரீவன் கள்ளைப் பழித்துப் புலம்பி, இனித் தொடேன் எனச் சூள் உரைக்கிறான் என்பது வேறு. எம் மனத்தை விட்டு நீங்காதது அவ்வாயில்தான். இரவு பத்து மணிக்குப் பால்காரனுக்கோ, அடுத்த வீட்டாருக்கோ, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருக்கோ கதவைத் திறந்து, "அவர் தூங்கிட்டாங்க, காலையில வாங்க" என்று சொல்லும் தாரையர் நம் வலியசாலையிலும் கரமனையிலும் எத்தனை பேர் என்று எவரேனும் எண்ணியதுண்டா?

"எல்லாம் நட்புக்காகத்தான்" என்பது இறுதியாக வரும் வாதம். குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். அது அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது என்பதையும், இன்று நம் கையில் உள்ள பதிப்புகள் பலவற்றில் நட்பியல் என்னும் தலைப்பின்கீழ்ச் சூதுக்கு முன்னதாக வைக்கப்பட்டுள்ளது என்பதையும் நண்பர்கள் நினைவு கொள்ளட்டும். குடித்தவன் நிலையைத் தாயின் முகத்தின் எதிரே நிறுத்திக் காட்டிய வள்ளுவர், வீட்டிற்குள் நடப்பதை அறியாதவர் அல்லர். எம் பட்டறிவில், குவளை இன்றிக் கூட முடியாத நட்பு, குவளை வற்றிய பின் நீடித்ததை ஓரிரு இடங்களிலேயே கண்டிருக்கிறோம். மருத்துவத்தைத் துணைக்கு அழைப்போருக்கு ஒரு சொல்: மதுவைப் புற்றுநோய்க் காரணிகளில் முதல் வகுப்பில் 1988ஆம் ஆண்டே அனைத்துலக ஆய்வு நிறுவனம் சேர்த்துவிட்டது, பாதுகாப்பான அளவு என ஒன்றில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023 சனவரியில் அறிவித்தது. 'சிறிது நல்லது' என்ற பழைய ஆறுதலும் இப்போது இல்லை.

இன்னொரு தந்திரம் நம்மவரிடம் உண்டு; இது மலையாள நாட்டு வழக்கம், நாம் இங்கு வந்து கெட்டோம் என்பது. மலையாளத்தில் குடிப்பதை 'வெள்ளமடி' என்கிறார்கள்; நாம் 'தண்ணி போடுவது' என்கிறோம். இருவரும் தூய நீரின் பெயரைக் களவாடிக்கொண்டவர்கள். யார் யாரைக் குறை கூறுவது? மேலே சொன்ன அதே ஆய்வில் குடிக்கும் ஆண்களின் விழுக்காடு கேரளத்தைவிடத் தமிழ்நாட்டில் மிகுதி: நான்கு ஆண்களில் ஒருவர். 1937ஆம் ஆண்டு சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய நாடு, 1983இல் தனக்கென ஒரு வாணிபக் கழகம் அமைத்து, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. மதுக்கடை ஒன்றை அகற்றக் கோரிக் காந்தியவாதி சசிபெருமாள் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறி உயிர்விட்டது 2015 சூலை 31இல், இங்கிருந்து பேருந்தில் சென்று வரக்கூடிய மார்த்தாண்டத்துக்கு அருகில்தான். மறுபுறம், மது நஞ்சு என்றும், அதனை ஆக்கலும் கொடுத்தலும் குடித்தலும் ஆகாவென்றும் மலையாள மக்களுக்கு உரைத்த நாராயண குரு, இந்நகரை அடுத்த செம்பழந்தியில் பிறந்தவர், தமிழில் பாடியவர், குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர். அண்டை வீட்டாரிடம் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் கற்கத் தக்கது எது என்பது நம் தெரிவில் உள்ளது. இன்னொன்றும் சொல்வோம். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை நடத்திக் காட்டியோர் நாகம்மையாரும் கண்ணம்மாளும். அன்று கடைவாயிலில் நின்று தடுத்த பெண்களின் பேத்திமாரை, இன்று அடுக்களையில் நிறுத்தி நெத்திலி வறுக்கச் சொல்கிறோம்.

சட்டம் வேண்டும் என்று கேட்க யாம் வரவில்லை. 1996ஆம் ஆண்டு கேரளம் சாராயத்தைத் தடுத்தது. குடி நிற்கவில்லை, புட்டியின் வடிவம் மாறிற்று. யாம் கேட்பது மிகச் சிறியது. பண்டிகை மாலையை வீட்டாருக்கு விட்டுவிடுங்கள்.

இதை வலியுறுத்துவதற்கு எமக்கு ஓர் உரிமை உண்டு. யாமும் இப்பிழையைச் செய்தவர்களே. பல்லாண்டுகட்கு முன் ஒரு தீபாவளி இரவு, எம் இல்லத்தில் ஆறு நண்பர்கள் கூடினர். அன்று ஏழு வயதான எம் மகள், மலையாளப் பள்ளியில் படிப்பவள், தமிழெழுத்தைத் தாயிடம் இரவில் கற்றவள், கடவுள் வாழ்த்து அதிகாரம் பத்துக் குறளையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். மாமாக்கள் எல்லாரும் தமிழ் அறிந்தவர்கள், கேட்டு மகிழ்வார்கள் என்று அவள் தாய் சொல்லியிருந்தாள். புதுப்பாவாடையுடன் வந்து நின்றவளிடம், "கொஞ்சம் இரு மக்ளே, பிறகு சொல்லலாம்" என்றோம். இருமுறை வந்தாள், இருமுறையும் அதையே சொன்னோம். எமக்கு நினைவு வந்தபோது மணி பத்தைக் கடந்திருந்தது. கூடத்துச் சுவரோரம் பாவாடை கசங்க அவள் உறங்கிப்போயிருந்தாள். மறுநாள் கேட்டோம், மறந்துவிட்டது என்றாள். இப்போது அவள் பெங்களூரில் பணி செய்கிறாள், நல்ல பெண், எமக்கு எழுதுவது ஆங்கிலத்தில். அதற்கு அவ்விரவு ஒன்றே காரணம் என்று சொல்லும் அளவுக்கு யாம் பேதையர் அல்லேம். பள்ளியும் காலமும் ஊரும் காரணங்கள். ஆனால் பள்ளியையும் காலத்தையும் ஊரையும் எதிர்த்து எம் கையில் இருந்தவை, ஆண்டில் அத்தகைய சில மாலைகள் மட்டுமே. அவற்றில் ஒன்றை யாம் சோடாவுக்குக் கொடுத்தோம்.

தமிழ்நாட்டில் குடிக்கும் தந்தையின் பிள்ளைக்குத் தெருவும் பள்ளியும் கடைப்பலகையும் தமிழ் சொல்லிக் கொடுத்துவிடும். இங்கு நம் பிள்ளைக்கு அவை இல்லை. சாலைக் கடைத்தெருவைத் தாண்டினால் தமிழ் எழுதிய பலகையைத் தேடவேண்டும். தந்தையும் தாயும், வந்து கூடும் சிற்றப்பன் பெரியப்பன்மாரும் தெளிந்த நாவுடன் பேசும் பேச்சே அவர்களுக்குப் பள்ளிக்கூடம். அப்பள்ளிக்கூடத்தின் ஆசிரியர்கள் எட்டு மணிக்கே நா தடுமாறி, ஒரே கதையை மூன்றாம் முறை சொல்லிக்கொண்டிருக்கையில், பிள்ளைகள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் வேறு மொழியில் வேறு உலகைப் பார்ப்பதில் வியப்பென்ன? பிறகு மேடையேறி, "நம் குழந்தைகள் தமிழை மறந்தனர்" என்று நாமே வருந்தி உரையாற்றுகிறோம். உரை முடிந்ததும் தாளை எடுக்கிறோம்.

வரும் உத்திராடத்துக்கான தாள் இன்னும் சில திங்களில் சுற்றுக்கு வரும். அதில் எம் பெயரை அடித்துவிடுமாறு நண்பர்களை வேண்டுகிறோம். அன்று மாலை ஆறு மணிக்கு எம் வீட்டுத் திண்ணை திறந்திருக்கும். பிள்ளைகளுக்குக் குறளோ பாட்டோ சொல்ல இருந்தால் அழைத்து வாருங்கள். கேட்பதற்கு யாம் இருக்கிறோம். மதினிமார் கட்டாயம் வரவேண்டும். அன்றைய சமையல் எம் பொறுப்பு. உப்புமாவுக்கு மேல் எமக்கு எதுவும் செய்ய வராது என்பதை மட்டும் முன்னரே சொல்லி வைக்கிறோம்.